மூன்று அடையாளங்கள்

"மறுபடி சொல்லு. துணி இன்னா கலரு?"

"மஞ்ச கவுனு."

"இடுப்புல?"

"கறுப்புக் கயிறு. ரெண்டு பவழ மணி."

"காயம்?"

"வலது முட்டியில தையல் தழும்பு." சொல்லி முடித்ததும் மாதம்மாள் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுப்பம்மாக்கா, எம்புள்ளைக்கு இதுல ஒண்ணுகூட கிடையாதே!"

"மெதுவா பேசு. உள்ள கேட்டுடப் போவுது." சுப்பம்மா அவள் தொடையில் தட்டினாள். "போட்டோல கீறது உன் பொண்ணுதானே?"

"அவதான். என் சின்னியேதான்."

"அப்பால இன்னா? பேப்பர்காரன் தப்பா எய்திட்டான். அதுக்கு நீ இன்னா பண்ணுவே, நான் இன்னா பண்ணுவேன்? பேப்பர்ல இன்னா போட்டுகீதோ அதைத்தான் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்கோ. மாத்திச் சொன்னே, போய்ட்டு வாம்மான்னு கெளப்பி வுட்டுடுவாங்கோ."

மாதம்மாள் தர்மபுரிப் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்தவள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், வடபழனி கோயில் வாசலில், மூன்று வயது மகளின் கை நழுவிப் பன்னிரண்டு நாளாகிறது. இன்று காலை ஈக்காட்டுத்தாங்கலில் டீக்கடை சுப்பம்மா, வடை மடிக்கக் கிழித்த பேப்பரில் குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, மாதம்மாளை இழுத்துக்கொண்டு அடையாறுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது இருவரும் குழந்தைகள் காப்பகத்து வராந்தா பெஞ்சில். சின்னி மாடியில் இருக்கிறாளாம். நடுவில் பதினெட்டுப் படிகள்தான். மாதம்மாள் இரண்டு முறை எண்ணிவிட்டாள்.

ஜன்னல் வழியே அறைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"மஞ்சள் கவுன் மேடம். இடுப்புல கறுப்புக் கயிறு, ரெண்டு பவழ மணி. வலது முழங்கால்ல தையல் தழும்பு."

"நீங்க என்ன உறவு?"

"பெரியப்பா மேடம். தம்பி சம்சாரம் அழுது அழுது படுத்த படுக்கையாயிட்டா."

மாதம்மாள் துள்ளி எழுந்தாள். "யாருக்கா அவன்? நான் பாத்ததே இல்லையே!"

"உக்காரும்மா. உன் முறை வரும்" என்றார் வாட்ச்மேன்.

உள்ளே கண்காணிப்பாளர் கோமளம் கறுப்பு டெலிபோனைச் சுழற்றுவது தெரிந்தது. "ஆமா, எல்லா அடையாளமும் கரெக்டா சொல்றார். இங்கேதான் இருப்பார். உடனே அனுப்பி வைங்கோ."

வெள்ளைச் சட்டைக்காரன் வெளியே வந்தான். அவனைப் பக்கத்து அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்கள். காபி போயிற்று.

"பாத்தியா?" என்றாள் சுப்பம்மா. "அட்சரம் பிசகாம ஒப்பிச்சான், காபி குடுக்கறாங்கோ. போ, நீயும் அதையே சொல்லு. அழுவாதே, மறந்துடும்."

மாதம்மாள் உள்ளே போனாள். கோமளத்துக்கு ஐம்பது வயதிருக்கும். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"புள்ளையக் கண்ணுல காட்டுங்கம்மா. என்னைப் பாத்தா ஓடியாருவா."

"மூணு வயசு. மிட்டாயைக் காட்டினா யார்கிட்டேயும் ஓடும். முதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அன்னிக்கு என்ன டிரஸ்?"

"மஞ்ச... மஞ்ச கவுனுங்க."

கோமளம் எழுதிக்கொண்டாள். "இடுப்புல?"

"கறுப்புக் கயிறுங்க. ரெண்டு பவழ மணி."

"யார் கட்டி விட்டா?"

இது பேப்பரில் இல்லை. சுப்பம்மாவும் சொல்லித் தரவில்லை. பவழத்தை மாதம்மாள் கையால் தொட்டதுகூட இல்லை. கட்டியதாக ஒரு பொய்யை எங்கிருந்து பிடிப்பது?

"யாரும் கட்டலீங்கம்மா. அவ போட்டிருந்தது அவங்கப்பன் சட்டை. நீலக் கோடு போட்டது. கையை மூணு மடிப்பு மடிச்சு விட்டிருந்தேன். இடுப்புல ஒண்ணும் கிடையாது, கயிறு கட்டினா அரிக்குதுன்னு பிச்சுப் போட்டுடுவா. முட்டியில தழும்பும் இல்ல. எடது குதிகால்லதான், ஒரு ரூபா அகலத்துக்கு வெந்த வடு. சுண்ணாம்புத் தொட்டியில கால வெச்சுட்டா. அதுலேர்ந்து அந்தக் காலை விரல்ல ஊணித்தான் நடப்பா."

"அப்போ மஞ்சள் கவுன்னு ஏன் சொன்னே?"

"பேப்பர்ல அப்படிப் போட்டிருக்குன்னாங்க. மாத்திச் சொன்னா தர மாட்டீங்கன்னு..."

கோமளம் பேனாவை மூடினாள். ஃபைலையும் மூடினாள். வெளியே கேட் திறந்து, ஒரு வண்டி வந்து நின்றது.

"பொய் சொன்னதுக்கு என்னைப் பிடிச்சுக் குடுங்கம்மா!" மாதம்மாள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "அந்த ஆள்கூட மட்டும் எம்புள்ளைய வண்டியில ஏத்திடாதீங்க!"

"மாடிக்குப் போ. உன் பொண்ணு இப்போதான் தூங்கி எழுந்திருக்கா."

மாதம்மாள் நம்பாமல் பார்த்தாள். "ஆனா... பேப்பர்ல இருக்கிறதை அந்த ஆளுதானேம்மா சரியாச் சொன்னாரு?"

"அதான் போலீஸ் ஜீப் வந்திருக்கு. பிள்ளை பிடிக்கறவா பேப்பரைப் படிச்சுட்டுத்தான் வருவா" என்றாள் கோமளம். "அந்த மூணு அடையாளத்தையும் பொய்யா எழுதிக் கொடுத்ததே நான்தான்."