மருமகளுக்குப் பிடித்தது

கொல்லையில் மூணு கல்லைக் கூட்டி, பன்றிக்கறி சாசேஜை வெங்காயத்தோடு வதக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு பீரை ஊற்றினாள் ராஜம்மாள்.

"மாசாமாசம் மலை சுத்துற சைவ வூட்ல என்னாக்கா இது?" மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டாள் பக்கத்து வீட்டுச் சந்திரகலா.

"மருமவ ஜெர்மன்காரியாச்சே! இது இல்லாம அவளுக்குச் சோறு எறங்காதாம். எம்புள்ள ராஜேந்திரன்தான் டின்னு கொண்டாந்து, மதுவெலக்குக்கு வெளிநாட்டுக்காரின்னு அவ பேருல பர்மிட்டு போட்டு பீரும் வாங்கி, பக்குவமும் சொல்லிட்டான். இந்த நாத்தத்தோட எம்புள்ள எப்பிடித்தான் குடும்பம் நடத்துறானோ, பாவம்!"

கொல்லையிலேயே மகனுக்கும் மருமகளுக்கும் இலை போட்டாள். மருமகள் கையால் இலையை மறைத்தாள். தடுமாறித் தமிழில் சொன்னாள்.

"அத்தை, நான் கறி சாப்பிட மாட்டேன். எப்பவும். ரசம் போதும்."

ராஜம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.

"வீணாக்கக் கூடாதும்மா."

மதிலுக்கு மேல் சந்திரகலாவின் தலை தெரிந்தது.

"பாவம்தான்க்கா, எப்பிடி சகிச்சிக்கிறான் பாரு!"