ஏழுகல் தோடு

கடைப்பெண் ஜஸீலா தோடு இரண்டையும் கறுப்பு வெல்வெட் தட்டில் வைத்து விளக்கைக் கொஞ்சம் சாய்த்தாள். ஒவ்வொன்றிலும் ஏழு வைரக்கல்லும் குப்பென்று எரிந்தன.

"போட்டுப் பாரும்மா" என்றார் வீரையன்.

செம்மொழி கையை நீட்டவில்லை.

இன்னும் பதினொரு நாளில் கல்யாணம். மன்னார்குடியிலிருந்து அப்பாவும் மகளும் காலையிலேயே பஸ் ஏறி தஞ்சாவூர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் வைரம் கேட்கவில்லை. ஆசை அப்பாவுடையது.

அவர் பிறந்த ஊரில் வைரத்தோடு என்றால் பண்ணை வீட்டு அம்மாக்களின் காதில் மட்டும்தான். அவர்கள் தெருவில் ஒருத்தரும் போட்டதில்லை. தலைமையாசிரியராக ஓய்வு பெற்றதிலிருந்து, என் பொண்ணு போடுவா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆசைக்கு முன்னால் எப்படி வாயைத் திறப்பது என்று ஒரு வாரமாக யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"எனக்கு வைரம் வேணாம்ப்பா."

வீரையன் மகளைப் பார்த்தார். கோபமில்லை. ஆனால் முகம் சுண்டிவிட்டது.

செம்மொழி கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். வைரம் தோண்டும் ஊர்களில் திரியும் துப்பாக்கிக் கும்பல்கள், ஆற்றுச் சேற்றைச் சலிக்கும் பிள்ளைகள், கல்லுக்குத் தரும் சர்டிபிகேட்டில் வராத கைகள்.

அதையெல்லாம் விட்டுவிட்டு, போனை எடுத்து ஒரே ஒரு படத்தைக் காட்டினாள்.

சேற்றுக் குழியின் கரையில் ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும். மடியில் சல்லடை. காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கல்லுக்கெல்லாம் சர்டிபிகேட் இருக்கு சார்" என்றாள் ஜஸீலா மெதுவாக.

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை விரலால் பெரிதாக்கினார். முகத்தை அல்ல, காலை.

விரலிடுக்கெல்லாம் வெளுத்துத் தோல் பிரிந்திருந்தது. அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவள் செம்மொழி. இதைக் கவனித்ததே இல்லை.

"சேத்துப்புண்ணு" என்றார்.

இத்தனை வருஷத்து ஆசையைக் கைவிட அவருக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது. தட்டை இரண்டு கையாலும் ஜஸீலா பக்கம் நகர்த்திவிட்டு, கல் வைக்காத தங்கத் தோடு காட்டச் சொன்னார்.

செம்மொழி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பண்ணை வயலில் இறங்கி வேலை பார்த்தது தாத்தா மட்டும்தான் என்று வீட்டில் பேச்சு.

"வேப்பெண்ணெ தடவுனா எரிச்சல் கொஞ்சம் அடங்கும்மா" என்றார் வீரையன், மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்தபடி. "ஆனா விடிஞ்சா திரும்பத் தண்ணில எறங்கணும்ல. எனக்கெல்லாம் பதினோரு வயசுல பள்ளிக்கூடம் சேந்தப்புறந்தான் ஆறுச்சு."