புஸ்வாணத்தில் ஊற்றிய தண்ணீர்

“பிள்ளைங்களா, தள்ளி நில்லுங்க!” என்று அதட்டினாள் கீழ்வீட்டுத் தையல்காரி.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் சிரித்தார். “புஸ்வாணத்துக்கு எதுக்கு டெய்லரம்மா வாளித் தண்ணி? வீடா பத்திக்கிச்சு?”

அவர் பற்றவைத்த புஸ்வாணம் சீறவில்லை. “திரி அணைஞ்சிடுச்சு” என்று குனியப் போனவரைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். எட்ட நின்றே தண்ணீரை வீசிக் கொட்டினாள்.

“பிள்ளைங்க சந்தோஷத்தையே கெடுத்துட்டீங்களே! பயந்தாங்கொள்ளிங்க வீட்டுக்குள்ள இருக்கணும்.”

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். வலது கண் அசையவில்லை.

“இது வச்ச கண்ணுங்க. அணைஞ்சிடுச்சுன்னு நம்பி நானும் இப்படித்தான் குனிஞ்சேன்.”

அவர் குரல் இறங்கியது. “அதுக்கப்புறமும் பட்டாசு கிட்ட வர்றீங்களா?”

“போனது கண்ணு. ஆசையையும் எதுக்குங்க விட்டுக்கொடுக்கணும்?”

வாளியை மறுபடி நிரப்பி வைத்துவிட்டு, கம்பி மத்தாப்பை எட்ட நீட்டி, அடுத்த புஸ்வாணத்தை அவளே பற்றவைத்தாள்.