கிட்டாருக்குள் கிடந்தவை

விளக்கு எரியவில்லை.

அவள் மறுபடியும் தந்தியை மீட்டினாள். மேசைமேல் கம்ப்ரஸர், கிட்டார் சத்தத்தை ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே அளவாக்கும் சின்னப் பெட்டி. அதன் நெற்றியில் மிளகு அளவு சிவப்பு விளக்கு. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால்தான் அது எரியும்.

எரியவில்லை.

“கொஞ்சம் அழுத்தி அடிங்கக்கா. கச்சேரில அடிக்க மாதிரி அடிங்க,” என்றார் இசைக்கருவிக் கடைக்காரர். “இது பிள்ளைய தூங்க வைக்க மாதிரில்லா இருக்கு.”

அவள் சிரித்தாள்.

அழுத்தித்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் கோயில் கொடியேற்றத்தன்று அவளுடைய லீட் கிட்டாரின் சத்தம் பாதிப் பாட்டில் காணாமல் போனது. இசைக்குழுத் தலைவர் ரிச்சர்ட் அண்ணன் மேடையை விட்டு இறங்கியதும் கேட்டார். சவுண்ட் மிக்ஸரில் கோளாறு என்றாள். அடுத்த கச்சேரியிலும் காணாமல் போனது. வயர் சரியில்லை என்றாள்.

பன்னிரண்டு வருடமாக அவளை மேடையின் முன்னால் நிறுத்தியவர் அவர்.

“என்னத்தையாவது வாங்கி மாட்டு பிள்ள. சனிக்கிழமை கச்சேரிலயும் கேக்கலன்னா பிரிட்டோவ முன்னால நிறுத்திருவேன், பாத்துக்கோ.”

பிரிட்டோ இரண்டாவது கிட்டார். நல்லவன். இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

கருவியைப் பார்த்தார்கள். வயரைப் பார்த்தார்கள். அவள் கையை யாரும் பார்க்கவில்லை.

வலது கட்டைவிரலின் அடிச்சதை வற்றி, அந்த இடத்தில் ஒரு குழி. நரம்பு டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தார்.

“இது கையோட நிக்காதும்மா.”

பிறகு, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

யாரும் வந்திருக்கவில்லை.

கடைக்காரர் ஒரு குமிழை இடப்பக்கம் திருப்பினார். விளக்கு எரிய வேண்டிய அளவு இறங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம்.

“இப்ப அடிங்க.”

விளக்கு எரிந்தது.

ஒலிபெருக்கியிலிருந்து முழுதாக வந்தது சத்தம். ஓங்கிய அடியும் நழுவிய அடியும் ஒரே உயரத்தில் நின்றன. அவள் கண்களை மூடிக்கொண்டாள். போன வருடத்துக் கை அங்கே வாசித்துக்கொண்டிருந்தது.

“ஒரு குறை உண்டுக்கா. சின்னச் சத்தத்த எல்லாம் தூக்கிவிடும். இரைச்சலையும் சேத்துத்தான் தூக்கும்.”

“பரவால்ல.”

“அடிக்காத ஸ்வரத்தத்தான் அதால தூக்க முடியாது,” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவள் வேகமான ஒரு துணுக்கை எடுத்தாள். சனிக்கிழமை முதல் பாட்டில் வருவது. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பாள்.

பாதி வந்தது.

பிறகு விரல்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. தந்தியை மீட்டும் பிக் நழுவி, கிட்டாரின் வட்டத் துளைக்குள் விழுந்திருந்தது.

விளக்கு அணைந்தது. இரைச்சல் மட்டும் கேட்டது.

“இருங்க, இருங்க. எல்லாருக்கும் விழுறதுதான்.”

அவள் வேண்டாம் என்பதற்குள் அவர் வயரைக் கழற்றி, கிட்டாரைத் தலைக்கு மேலே தூக்கி, துளை கீழே பார்க்கக் கவிழ்த்துக் குலுக்கினார். உள்ளே கலகலவென்றது.

ஒரு பிக் விழுந்தது.

அவர் குனிவதற்குள் இன்னொன்று.

“என்னக்கா, உண்டியலா வச்சிருக்கீங்க?”

மூன்றாவது விழுந்தது. நான்காவது. அவர் சிரிப்பு அதோடு நின்றது. ஆனாலும் உள்ளே சத்தம் இருந்ததால் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

ஏழு.

நான்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போய் மூன்று மாதம் ஆகிறது.

அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மேசைக் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தார். மஞ்சள், கறுப்பு, மறுபடி மஞ்சள். நிமிர்ந்தவர் முதன்முதலாக அவள் கையைப் பார்த்தார்.

அவள் அதைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியே ஒரு பேருந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

“பில்லு போடவாக்கா?”

தணிந்த குரலில் கேட்டார்.

“போடுங்க.”

“ரெண்டு வருஷம் வாரண்டி. அதுக்குள்ள எது ஆனாலும் கொண்டு வாங்க. மாத்தித் தந்திருவோம்.” சொன்ன பிறகு ஏனோ தொண்டையைச் செருமினார். அட்டையை எடுத்துப் பேனாவோடு அவள் பக்கம் நகர்த்தினார். “பேரு எழுதணும்.”

அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்களே எழுதிருங்கண்ணே.”

“சொல்லுங்க.”

அவள் குமிழ்களைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். ஏழு பிக்கில் ஒன்றை மட்டும் இடது கையால் எடுத்துப் பைக்குள் போட்டாள். சனிக்கிழமை ஒரு நாளைக்கு அது போதும்.

“பிரிட்டோ.”

அவர் எழுதினார்.

“இனிஷியல்?”

அவளுக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் பக்கத்தில் நின்று வாசித்தவன்.

“கேட்டுச் சொல்லுதேன்,” என்றாள்.