சம்பளம் இல்லாத காவல்

“நான் கண்ணை மூடின மறுநாளே எவனாவது ஒருத்தன் சென்ட் பூசிக்கிட்டு வந்து நிப்பான், கிராணி ஐயா. அவன் என் வீட்டுல கால் நீட்டிப் படுக்கக் கூடாது. அப்படி எழுதுங்க!”

பீச் ஸ்ட்ரீட் லாயர் ஆபீசில் அய்யாக்கண்ணு மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் மாட்டுவண்டி விட்டு ஆயர் ஈத்தாம் பகுதியில் ஐந்து வீடு சேர்த்த மனிதர். பிள்ளை இல்லை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. பக்கத்தில் தலைகுனிந்திருந்த இரண்டாம் மனைவி நல்லம்மாளுக்கு முப்பது. அந்த வித்தியாசம்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

அவர் சொல்வதை வெள்ளைக்கார லாயருக்கு எடுத்துச் சொல்லி உயில் எழுத வேண்டியது ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ராமசாமியின் வேலை. மனைவியை வைத்துக்கொண்டே இப்படிப் பேசுகிற பெருந்தன்மையைப் பார்ப்பது ராமசாமிக்குப் புதிதல்ல.

“அப்ப உங்க சம்சாரத்துக்கு ஒண்ணும் கிடையாதா?”

“ஏன் இல்லே? இருக்கிற வரைக்கும் வாடகை வாங்கிச் சாப்பிடட்டும். விக்கக் கூடாது. மறு கல்யாணம் பண்ணினா அஞ்சு வீடும் இவனுக்கு.”

அவர் கைகாட்டியது கதவோரம் நின்ற அர்ஜுனனை. செத்துப்போன மூத்த மனைவியின் தம்பி. அக்கா இருந்த இடத்துக்கு இன்னொருத்தி வந்ததிலிருந்து அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன்.

“இவனுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. வீடு கிடைக்கும்னா சும்மா இருப்பானா? தினமும் வந்து நோட்டம் பார்ப்பான். சம்பளம் இல்லாத ஜாகா, காவக்காரன்! எப்படி நம்ம மூளை?”

“பிரமாதம்!” என்றார் ராமசாமி. ஒருத்தியை நம்பாமல் இருக்க இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அதைச் சொல்வதற்கு லாயர் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

நல்லம்மாள் விருட்டென்று எழுந்தாள். “இந்த ஆளு என் வாசல்ல நின்னா, அந்த இடத்தைச் சாணி போட்டுக் கழுவுவேன்!”

“கழுவுங்க லா! நான் சட்டப்படி நிப்பேன்!” என்றான் அர்ஜுனன்.

அய்யாக்கண்ணுவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கையெழுத்துப் போட்டார். இனி உயிர் போனாலும் சொத்து போகாது என்ற நிம்மதியில், அடுத்த தை மாதமே உயிரை விட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து நல்லம்மாள் தனியாக ஆபீசுக்கு வந்தாள்.

“கிராணி ஐயா, நான் மறு கல்யாணம் பண்ணிக்கப் போறேன்.”

ராமசாமி பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, உயில் ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு.”

“வாடகை நின்னுடும். தாலி ஏறின அன்னைக்கே அஞ்சு வீடும் அர்ஜுனன் சொத்து. அப்புறம் அவன் விக்கலாம், யாருக்கு வேணும்னாலும் எழுதி வைக்கலாம். நீங்க வாயைத் திறக்க முடியாது.”

“யாருக்கு வேணும்னாலும் எழுதலாமா? நல்லாத் தெரியுமா?”

“எழுதின எனக்குத் தெரியாதா?”

அவள் முகத்தில் கலக்கமே இல்லை. ராமசாமிக்கு எரிச்சலாக வந்தது. தலைக்கு மேல் கூரை போகப்போகிறது, இவள் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்! இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படியொரு அசட்டைப் பார்த்ததில்லை.

“சரி, சொத்தையெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டுக் கட்டிக்கிற அளவுக்கு யாரும்மா அந்த மகராசன்?”

நல்லம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள். “உள்ள வாங்க. ஐயா கேக்குறாரு, கூச்சப்படாதீங்க.”

புது வேட்டி சரசரக்க உள்ளே வந்து, அவள் இழுத்துப் போட்ட நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்தான் அர்ஜுனன்.