நுரையீரலில் ஒன்றும் இல்லை

“லங்ஸ் கிளியர், மிசஸ் மோலி. ஒரு புள்ளிகூட இல்ல,” என்றார் டாக்டர் தன்மயி.

திரையில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பழையதில் நுரையீரல் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். புதியதில் வெறும் கருப்பு.

மோலி அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள்.

அமலதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

டாக்டர் டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். “விடுங்க, அழட்டும். இந்த நியூஸ் சொன்னா எல்லாரும் அழுவாங்க.”

அவன் அழுது மோலி பார்த்திருக்கிறாள். அவளுடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகும் புற்றுநோய் நுரையீரலுக்கு ஏறிவிட்டது, ஒரு வருஷம் கிடைத்தால் பெரிது என்று சொன்ன அன்று, அவளைக் கட்டிக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கதறினான்.

இன்று சத்தமே வரவில்லை. கையும் அவள் பக்கம் வரவில்லை.

வெளியே பெஞ்சில் லிசா காத்திருந்தாள்.

லிசா மோலியின் சித்தி மகள். கொள்ளேகாலில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தவள். மோலியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு மைசூருக்கு வந்தாள். புற்றுநோய்க்கு ஒரு தடுப்பூசியை இந்த ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று விசாரித்து வந்து, நடையாய் நடந்து மோலியின் பெயரைச் சேர்த்தவளும் அவள்தான்.

“வந்தப்புறம் எதுக்குடி தடுப்பூசி?” என்று மோலி அன்று சிரித்தாள்.

“இது வராம தடுக்கறதுக்கு இல்லீங்க்கா. உள்ள வந்திருக்கறது யாருன்னு உங்க உடம்புக்குக் காட்டிக் குடுக்கும். அப்புறம் உடம்பே தொரத்திரும்.”

வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அதை ஆராய்ந்து, மோலிக்காக மட்டும் மருந்து செய்து வந்தது. வேறு யாருக்குப் போட்டாலும் பயனில்லாத மருந்து. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் உடம்பு அனலாய்க் கொதித்தது. காய்ச்சல் இறங்கும்வரை லிசா ஈரத் துணியோடு பக்கத்திலேயே இருந்தாள். காய்ச்சல் வந்தால் நல்லது, உடம்பு சண்டை போடுகிறது என்று தைரியம் சொன்னாள்.

அதற்குள் வீட்டில் வேறு சிலதும் நடந்தன.

மகள் அனுப்ரியா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லிசாவைத் தேடினாள். அமலதாஸ் தன் சட்டை எங்கே என்று லிசாவைக் கேட்டான். சமையலறையில் இருவரும் சிரிக்கும் சத்தம் மோலியின் கட்டில்வரை வந்தது. அவள் இருமினால் சிரிப்பு நின்றுவிடும்.

அவர்கள் தப்பாக எதுவும் நடந்துகொள்ளவில்லை. அது மோலிக்குத் தெரியும். நடந்திருந்தால் வாய்விட்டுத் திட்டவாவது முடிந்திருக்கும்.

இப்போது அவள் லிசாவின் முன்னால் வந்து நின்றாள்.

“ஒண்ணும் இல்லியாம்டி. எல்லாம் போயிடுச்சாம்.”

லிசா துள்ளி எழுந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். “நெசமாவாக்கா? நெசமாவா?”

அந்தச் சந்தோஷத்தில் துளிக்கூடப் பொய் இல்லை. அதைத்தான் மோலியால் தாங்க முடியவில்லை.

பின்னால் நின்ற அமலதாஸின் முகத்தை லிசா அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். மோலியைச் சுற்றியிருந்த கைகள் மெல்லத் தளர்ந்தன.

“நான் நாளைக்கு ஊருக்குப் போறனுங்க்கா,” என்றாள்.

மோலி காத்திருந்தாள். அமலதாஸ் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. செல்போனை எடுத்து ஆட்டோ தேடத் தொடங்கினான்.

எதிர் பெஞ்சில் கௌரம்மா என்றொரு பெண் இருந்தாள். ஊசி போட வரும் நாட்களில் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குப் பழக்கம். நல்ல செய்தி என்று புரிந்து அவளுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. லிசாவைக் காட்டி, “நிம்ம தங்கினா?” என்று கன்னடத்தில் கேட்டாள். உங்கள் தங்கையா?

மோலி லிசாவைப் பார்த்தாள்.

இதே லிசாவின் கையைப் பிடித்து அமலதாஸின் கையில் வைத்தவள் மோலிதான். டாக்டர்கள் கைவிரித்த அந்த மாதம், படுத்த படுக்கையாகக் கிடந்தபோது.

“எனக்கப்புறம் இந்த வீட்டுக்கு நீதாண்டி. அவரக் கட்டிக்கோ. என் புள்ளைக்கு வேற எவளும் வந்துடக் கூடாது.”

லிசா கையை உருவிக்கொண்டு அழுதாள். அமலதாஸ் எழுந்து வெளியே போய்விட்டான். மோலி விடவில்லை. சாப்பிட மாட்டேன், மாத்திரை போட மாட்டேன் என்று அடம்பிடித்து, இருவரிடமும் பைபிளின்மேல் சத்தியம் வாங்கினாள். அதற்குப் பிறகு லிசா தனக்கு வந்த ஒரு வரனையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கௌரம்மா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மனெ கெலஸக்கெ பந்தவளு,” என்றாள் மோலி.

வீட்டு வேலைக்கு வந்தவள்.

கன்னடத்தில்தான் சொன்னாள். கொள்ளேகாலில் பிறந்து வளர்ந்த லிசாவுக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றுதான். அமலதாஸுக்கும் அது புரியும். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

லிசா குனிந்து பெஞ்சிலிருந்த மோலியின் பையை எடுத்தாள். மோலியின் கையிலிருந்த ஸ்கேன் கவரையும் வாங்கிக்கொண்டாள்.

கணவனும் மனைவியும் முன்னால் போகட்டும் என்று ஒதுங்கி நின்று, பின்னால் நடந்தாள்.