கார் திருத்துறார்

“பொய்க் காரெண்டால் பொய்க் காரெண்டே சொல்லுங்கோ தம்பி. பாவம் பாத்து மறைக்காதேங்கோ.”

கராஜ் வாசலில் நின்றபடியே சொன்னாள் சிவமலர். உள்ளே நின்ற பழைய அமெரிக்க மஸ்டாங் காரின் பொனற்றைத் திறந்து, டோர்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகத் தலையை விட்டிருந்தார் புவனேந்திரன். இப்படிப்பட்ட கார்கள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வதுதான் அவருடைய தொழில். லண்டன் ஹரோவில், ஒரு தமிழ் வீட்டின் பின்வளவில் இப்படியொரு கார் நிற்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“ஏனக்கா, விக்கப் போறியளோ?”

“எனக்கு விலை வேண்டாம் தம்பி, உண்மை தெரிஞ்சாப் போதும். மகன் சுஜீத் சொல்லுறான், அப்பாவை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள், இதை ஸ்கிராப்புக்குக் குடுப்பமெண்டு.”

“ஏமாத்துறவை இருக்கினம்தான். சாதாரணக் காருக்குப் பெரிய எஞ்சினை ஏத்தி, விலைகூடின மொடலின்ரை பட்ஜை ஒட்டி வித்துப்போடுவினம். எஞ்சினிலை இருக்கிற இலக்கமும் கார் உடம்பிலை அடிச்ச இலக்கமும் ஒண்டா இருக்கோ எண்டு பாக்கோணும். கொஞ்சம் பொறுங்கோ.”

பொறுப்பது சிவமலருக்குப் புதிதல்ல. இருபது வருடத்துக்கு முன் அவள் கணவர் குகதாசன் ஒரு வெள்ளைக்காரரிடம் இந்தக் காரை வாங்கிவந்த நாளிலிருந்து செய்துவரும் வேலைதான். போன மாசியில் கண்ணை மூடும்வரை, அவர் வேலை முடிந்து வந்தால் நேரே கராஜ்தான். சனி, ஞாயிறென்றால் கேட்கவே வேண்டாம். ‘கார் திருத்துறன்’ என்று சொல்லும் கணவனோடு எந்த மனைவி சண்டைக்குப் போவாள்? குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா? வீட்டுக்குப் பின்னால்தானே நிற்கிறார்! தெரிந்தவர்கள் எல்லாரும் சிவமலரைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள்.

“கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில், எல்லாத்துக்கும் தனியத்தான் தம்பி போனனான். ‘எங்கை குகதாசண்ணை?’ எண்டு கேப்பினம். ‘கார் திருத்துறார்’ எண்டுவன். சிரிப்பினம். நானும் சிரிப்பன்.”

“ம்” என்றார் புவனேந்திரன். அவள் சொன்னதில் பாதி அவர் காதில் விழுந்தது. மீதி எஞ்சினுக்குள் போனது.

“எட்டிப் பாக்கவும் விடமாட்டார். பெற்றோல் மணத்துக்கு உமக்கு ஆஸ்மா இழுக்கும் எண்டு கதவைச் சாத்திப்போடுவார். என்னிலை அவ்வளவு அக்கறை. பேந்து வந்து கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிப்போட்டுத்தான் சாப்பிட இருப்பார்.”

செத்தவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் இருந்தபோதே அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். ஒரு நல்ல காருக்காகத் தன்னைத் தனியே விட்டார் என்றால் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஒரு போலிக்காக என்றால்?

“என்ரை மனுசன் இருபது வருசத்தை இதிலைதான் போட்டவர் தம்பி. என்ரை இருபது வருசமும் இதுக்குள்ளைதான் கிடக்கு. அதுதான் கேக்கிறன்.”

புவனேந்திரன் எஞ்சினின் ஓரத்து அழுக்கைத் துணியால் துடைத்து இலக்கத்தை வாசித்தார். காருக்குக் கீழே படுத்துப் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளேயும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, சுத்த ஒரிஜினல்! அண்ணையை ஒருத்தரும் ஏமாத்தேல்லை!”

சிவமலருக்கு அழுகையே வந்துவிட்டது.

“எனக்குத் தெரியும் தம்பி, அவர் விசரனில்லை. சுஜீத்துக்கு இப்பவே சொல்லோணும். அப்ப, மனுசன் நல்லாத்தான் திருத்தி வைச்சிருக்கிறாரோ?”

“திருத்துறதோ? திருத்தாமல் விட்டதுதானக்கா இதின்ரை பெறுமதியே!” புவனேந்திரனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “பக்டரியிலை நட்டுகளுக்கு வைச்ச பெயின்ற் அடையாளம் அப்பிடியே இருக்கு, இந்தக் காரிலை ஆரும் ஒருநாளும் ஒரு ஸ்பானர்கூட வைக்கேல்லை. ஒரேயொரு குறைதான், கார் ஓடினது கொஞ்சத் தூரம், ஆனா டிரைவர் சீட் மட்டும் தேஞ்சு பள்ளமாப் போச்சு... ஆரோ வருசக்கணக்கா அதிலை சும்மா குந்தியிருந்திருக்கினம்.”